வாசலோடு நின்றுவிடும் செருப்பு

சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களின் மருத்துவக் குறிப்புகளைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனால், பெரும்பாலும் ஓர் அற்பமான தொடக்கத்தில் போய் நிற்கும். புதுச் செருப்பு கடித்த இடம், குத்தியதே தெரியாமல் ஏறிய முள், எரிச்சலுக்கு வெந்நீரில் கால் வைத்தபோது எழும்பிய கொப்புளம், பிளேடால் சுரண்டிய ஆணி. நீரிழிவு நோயாளிகளுக்குக் கால் அகற்றும் அறுவை சிகிச்சை நடந்த நூறு பேரில் ஏறத்தாழ 85 பேருக்கு அது இப்படி ஒரு புண்ணில்தான் தொடங்கியது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் புண்ணைத் தடுத்தால் பெரும்பாலான கால்கள் தப்பும். புண்ணைத் தடுக்கப் பெரிய கருவிகளோ விலையுயர்ந்த மருந்துகளோ வேண்டியதில்லை. பொருத்தமான செருப்பும், நாள்தோறும் பாதத்தைப் பார்க்கும் வழக்கமும், அவ்வப்போது பாதத்தைத் தொட்டுச் சோதிக்கும் மருத்துவரும் போதும். இவ்வளவு எளிய காரியம் ஏன் நடக்கவில்லை என்பதுதான் கேள்வி.

கேள்வி சிறியதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேர், அதாவது ஏழு பேரில் ஒருவர். உலகளாவிய கணக்கீடுகளின்படி, சர்க்கரை நோயாளி ஒருவருக்கு வாழ்நாளில் பாதப் புண் வரும் வாய்ப்பு 19 முதல் 34 சதவீதம். வந்த புண் ஆறினாலும் பத்துப் பேரில் நான்கு பேருக்கு ஓராண்டுக்குள் திரும்ப வருகிறது. ஐந்தாண்டுகளில் அது 65 சதவீதத்தைத் தொடுகிறது.

இந்த நோயாளிகளுக்கு அறிவுரை சொல்லப்படாமல் இல்லை. மருத்துவமனைத் துண்டறிக்கை எதிலும் 'வெறுங்காலுடன் நடக்காதீர்கள்' என்ற வரி இருக்கும். ஆனால் தமிழ்க் குடும்பத்தில் அந்த வரி 'வெளியே போகும்போது செருப்பு போடு' என்றுதான் காதில் விழுகிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்கு மூச்சுவிடுவதுபோல இயல்பு. அதன்பின் கூடம், அடுப்படி, கிணற்றடி, மொட்டை மாடி என்று நாளின் பெரும்பகுதி வெறுங்காலில்தான் நகர்கிறது. நம்முடைய பாதப் பராமரிப்புக் கல்வி தோற்கும் இடம் அந்த வாசற்படி. செருப்பைக் கையில் கொடுக்காமலும், வீட்டுக்குள் அதைப் போட வழி சொல்லாமலும் தரப்படும் அறிவுரை, அறிவுரை சொன்னவரின் கடமையை முடித்துவைக்கிறதே தவிர நோயாளியின் காலைக் காப்பதில்லை.

வேலூர் கற்றுக்கொடுத்த பாடம்

உணர்விழந்த காலைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் கணிசமான பகுதி தமிழ்நாட்டில் பிறந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கைகால்களை ஆராயத் தொடங்கினார். நோய்க் கிருமியே சதையைத் தின்று விரல்களை உதிரச் செய்கிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. உண்மையில் கிருமி நரம்பைச் சிதைத்து வலியைப் பறிக்கிறது. வலி தெரியாததால் மனிதர் தம் கைகால்களைத் தாமே அறியாமல் சிதைத்துக்கொள்கிறார் என்பதைப் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் நிறுவினார்கள். 1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிறகு, சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணும் இதே கதைதான் என்று அவர் வற்புறுத்தினார். நோய் வேறு, கால் ஒன்று.

அங்கே எலிகளின் பாதத்தில் அவர் குழு செய்த சோதனைகள் ஒரு நுட்பமான உண்மையைக் காட்டின. ஆழமாகக் குத்தும் ஆணி மட்டுமே காலைக் கெடுப்பதில்லை. ஒருமுறை பட்டால் ஒன்றும் செய்யாத மிதமான அழுத்தம், ஒரே இடத்தில் நாளுக்கு 10,000 தடவை விழுந்தால் அந்த இடம் முதலில் சூடாகி, பிறகு வீங்கி, நாளடைவில் புண்ணாகிவிடுகிறது. உணர்வுள்ள மனிதர் அந்த நிலை வரும் முன்பே தம்மை அறியாமல் காலைச் சற்று மாற்றி ஊன்றுவார், நொண்டுவார், உட்கார்ந்துவிடுவார். மரத்துப்போன கால் நொண்டுவதில்லை. கொப்புளத்தின் மேலேயே நிமிர்ந்து நடக்கிறது.

சர்க்கரை நோய் இதோடு நிற்பதுமில்லை. நரம்புச் சிதைவால் பாதத்தின் சிறு தசைகள் நலிந்து விரல்கள் நகம்போல வளைகின்றன. உடல் எடை முன்பாதத்து எலும்புகளின் மேல் குவிகிறது. வியர்வை நின்று தோல் வறண்டு பித்தவெடிப்பு விழுகிறது. வெடிப்பு வழியே கிருமி நுழைகிறது. அழுத்தம் விழும் இடத்தில் காய்ப்பு ஏறுகிறது. அந்தக் காய்ப்பே உள்ளே பதித்த கல்லாகி அழுத்தத்தை இன்னும் கூட்டுகிறது. இரத்தக் குழாய்களும் அடைத்திருந்தால், வந்த புண் ஆறுவதற்கு வேண்டிய இரத்தம் அங்கே போய்ச் சேருவதில்லை. பீடி, சிகரெட் பழக்கம் இதற்குத் துணைபோகிறது.

செருப்பு செய்த வேலை

அழுத்தம்தான் காரணம் என்றால், அழுத்தத்தைப் பரப்பும் பொருள்தான் மருந்து. தொழுநோயாளிகளுக்காகப் பயன்படுத்தப்பட்ட எம்.சி.ஆர். எனும் நுண்துளை ரப்பர் அந்த வகையில் வந்தது. மேலே மிருதுவாகவும், சீக்கிரம் தட்டையாகாமலும், உள்ளங்கால் முழுவதும் எடையைப் பகிர்ந்தும் அது தாங்குகிறது. அதன் அடியில் முள்ளும் ஆணியும் ஏறாத கெட்டியான அடித்தட்டு வேண்டும். சென்னை ராயபுரத்தில் உள்ள எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதனும் குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களை எடுத்துக்கொண்டது. மிருதுவான உள்தட்டு வைத்த செருப்பு அணிந்தவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் புதிதாகப் புண் வந்தது. கடினமான தோல் அட்டை வைத்த செருப்புப் போட்டவர்களில் அது 33 சதவீதம்.

அடுத்த ஆண்டு அதே மருத்துவமனை வெளியிட்ட இன்னோர் ஆய்வு, பாதப் பராமரிப்புக் கல்வி பெற்ற அதிக ஆபத்துள்ள நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களில் 82 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. கடைப்பிடிக்காதவர்களில் பாதிப் பேருக்குத்தான் ஆறியது. புதிய பாதப் பிரச்சினைகள் முதல் வகையினரில் 5 சதவீதத்துக்கும் மற்றவர்களில் 26 சதவீதத்துக்கும் வந்தன. இந்த எண்களை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அறிவுரையைக் கேட்டு நடப்பவர் மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டிருப்பார், உணவிலும் கட்டுப்பாடாக இருந்திருப்பார். ஆனாலும் செருப்பை நேரடியாக ஒப்பிட்ட முந்தைய ஆய்வோடு சேர்த்துப் பார்க்கும்போது, இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இங்கே நெதர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று நமக்கு மிக முக்கியம். அழுத்தத்தை அளந்து திருத்திய தனிப்பயன் காலணிகளை, பாதப் புண் வந்து ஆறியவர்களுக்குக் கொடுத்து, அவர்களை ஒன்றரை ஆண்டு கண்காணித்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தத்தில் பார்த்தால், திருத்திய காலணிக்கும் வழக்கமான மருத்துவக் காலணிக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் தம் அடிகளில் 80 சதவீதத்துக்கு மேல் காலணியோடு எடுத்து வைத்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, திருத்திய காலணி அணிந்தவர்களில் புண் திரும்பியது 25.7 சதவீதம் பேருக்கு. வழக்கமான மருத்துவக் காலணி அணிந்தவர்களில் 47.8. அதே ஆய்வாளர்கள் காலணிக்குள் கருவி வைத்து அளந்ததில், வெளியே போகும்போது 87 சதவீத அடிகளைக் காலணியோடு வைத்தவர்கள், வீட்டில் 61 சதவீதத்தைத்தான் அப்படி வைத்திருந்தார்கள். நடந்த அடிகளோ வீட்டுக்குள்தான் அதிகம். வாசலில் செருப்பைக் கழற்றுவதைக் கட்டாயமாகக் கருதாத நாட்டிலேயே நிலைமை இது. கட்டாயமாகக் கருதும் நம் ஊரில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எழும் ஆட்சேபங்கள்

'சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் போதாதா?' என்பது முதல் ஆட்சேபம். நரம்பு கெடாமல் காக்கச் சர்க்கரைக் கட்டுப்பாடு உதவும் என்பதில் ஐயமில்லை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் வட அமெரிக்காவில் நடந்து 1993-இல் வெளியான பெரிய ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு நரம்புச் சிதைவை ஏறத்தாழ 60 சதவீதம் குறைத்தது. நம்மிடையே மிகுந்திருக்கும் இரண்டாம் வகையில் அந்தப் பயன் அவ்வளவு பெரிதாக இல்லை. அதைவிட முக்கியம், ஒருமுறை மரத்துப்போன பாதத்துக்கு உணர்வை மீட்டுத் தரும் மருந்து இல்லை. சர்க்கரை அளவு இன்று சரியாக இருக்கும் ஒருவரின் காலிலும் நேற்றே போய்விட்ட உணர்வு திரும்புவதில்லை. அவருக்கு மாத்திரையும் வேண்டும், செருப்பும் வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. கல்வி கொடுப்பதால் பயன் இல்லை என்று ஆய்வுகளே சொல்கின்றனவே என்பார்கள். உண்மைதான். 2014-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, நோயாளிக்குத் தரும் கல்வி மட்டுமே புண்ணையும் கால் இழப்பையும் குறைக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடிவு சொன்னது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆய்வில், கல்வி பெற்றவர்களின் பாதப் பராமரிப்புப் பழக்கம் மேம்பட்டது. ஆனால் புண் வந்த விகிதம் குறையவில்லை. இதிலிருந்து கல்வியைக் கைவிட வேண்டும் என்ற முடிவுக்குப் போவது அவசரம். ஒரு மணி நேரம் பேசிக் கையேட்டைக் கொடுத்து அனுப்பும் கல்வி தனியாக நின்றால் போதாது என்பதே அதன் பொருள். அதனால்தான் நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுப் பணிக்குழு, ஆபத்துள்ள காலை அடையாளம் காணல், தவறாமல் பரிசோதித்தல், நோயாளிக்கும் குடும்பத்துக்கும் கற்றுக்கொடுத்தல், பொருத்தமான காலணியை வழக்கமாக அணியச் செய்தல், காய்ப்பு முதலிய ஆபத்துக் காரணிகளுக்கு மருத்துவம் செய்தல் என்ற ஐந்தையும் ஒன்றாகக் கட்டி வைக்கிறது. நாம் நடுவில் இருக்கும் ஒன்றை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, பயனில்லை என்கிறோம்.

மூன்றாவது, பண்பாட்டின் பெயரால் வரும் தயக்கம். வீட்டுக்குள் செருப்பா? பூஜையறை இருக்கிறதே, அடுப்படி இருக்கிறதே? இந்தத் தயக்கத்தை ஏளனம் செய்யும் மருத்துவர் தோற்றுப்போவார். தெருவின் அழுக்கை வீட்டுக்குள் விடாத பழக்கம் நல்ல பழக்கம். அதைக் கெடுக்காமலே வழி இருக்கிறது: படி தாண்டாத, வாரம் ஒருமுறை கழுவித் துடைக்கும் தனி ஜோடி ஒன்று. டைல்ஸ் தரை வந்த பிறகு குதிகால் வலிக்காக வீட்டுச் செருப்புப் போடும் பெண்களை எத்தனையோ குடும்பங்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டன. வலிக்காக ஏற்றதை, வலியே இல்லாமல் போனதற்காக ஏற்பது கடினமல்ல.

கோயில் இன்னும் சிக்கலானது. அங்கே செருப்பு போட முடியாது. எனவே நேரத்தைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். வெயில் காய்ந்த கல்தளத்தில் நடுப்பகலில் நடப்பது, கால் மரத்தவருக்குச் சட்டியில் கால் வைப்பதற்குச் சமம். சூடு தெரியாது, கொப்புளம் மட்டும் மறுநாள் தெரியும். அதிகாலையோ மாலையோ போவதும், வந்தவுடன் பாதத்தைப் பார்ப்பதும் பக்திக்குக் குறைவல்ல. ஆனால் 14 கிலோமீட்டர் திருவண்ணாமலை கிரிவலத்தை வெறுங்காலில் சுற்றுவதும், பாதயாத்திரையும், தீமிதியும் உணர்விழந்த காலுக்கு உரியவை அல்ல என்பதை மருத்துவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும்.

நான்காவது, வெறுங்காலில் நடந்தால் நரம்பு தூண்டப்படும் என்ற நம்பிக்கை. பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதைகளில் காலையில் நடப்பவர்களில் சர்க்கரை நோயாளிகள் கணிசம். நடைப்பயிற்சி சர்க்கரைக்கு நல்லது, நடக்கட்டும். கால் மரத்தவர்களுக்குக் கல்லும் வெறுங்காலும்தான் ஆகாது. உணர்வு இருக்கும்போது கூழாங்கல் குத்தினால் கால் தானே விலகும். உணர்வு போனபின் அதே கல் பால் பிராண்டின் சோதனையை மனிதக் காலில் திரும்பச் செய்கிறது.

கடைசி ஆட்சேபம் நியாயமானது. நாற்று நடுபவரும் சித்தாளும் மீன் விற்பவரும் மருத்துவக் காலணிக்கு எங்கே போவார்கள்? சேற்று வயலில் எந்தச் செருப்பும் நிற்காது. இவர்களிடம் 'ஏன் செருப்பு போடவில்லை' என்று கடிவது அநியாயம். வேலை முடிந்ததும் கால் கழுவி, விரல் இடுக்கை ஈரமின்றித் துடைத்து, வெளிச்சத்தில் பார்ப்பதையும், வீட்டில் செருப்பு அணிவதையும், காயம் என்றால் அன்றே மருத்துவமனைக்கு வருவதையும் அவர்களிடம் கேட்கலாம். மீதிப் பொறுப்பு அரசுடையது.

வேண்டியது என்ன

முதலில், எல்லாச் சர்க்கரை நோயாளிக்கும் சிறப்புக் காலணி தேவையில்லை என்பதைத் தெளிவாக்க வேண்டும். உணர்வும் இரத்த ஓட்டமும் நன்றாக உள்ளவருக்குச் சரியான அளவுள்ள சாதாரண செருப்பே போதும். ஆண்டுக்கு ஒரு பரிசோதனை போதும். உணர்வு போனவரைப் பிரித்தறிய, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழை ஒன்று இருந்தால் போதும். அது இல்லாவிட்டாலும், இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த எளிய முறை இருக்கிறது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, வீட்டில் ஒருவர் அவருடைய இரு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு விநாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். மருத்துவரிடம் போக வேண்டும்.

செருப்பு வாங்குவதும் கற்றுக்கொடுக்க வேண்டிய கலைதான். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்க வேண்டும். உட்கார்ந்து போட்டுப் பார்க்காமல் நின்று பார்க்க வேண்டும். மூடிய காலணி என்றால் உள்நீளம் பாதத்தைவிட ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். விரலிடுக்கில் வார் போகும் ஹவாய் செருப்பு இரு வகையில் ஆபத்து: இடுக்கில் உராய்ந்து புண்ணாக்கும், நடுவழியில் கழன்று விழுந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. குதிகாலைச் சுற்றிப் பின்வார் உள்ள, அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒட்டுப்பட்டைச் செருப்பு நல்லது. புதுச் செருப்பை முதல் நாட்களில் சிறிது நேரமே அணிந்து, கழற்றியதும் பாதத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காலை விடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இறுக்கமான மெட்டியைத் தளர்த்த வேண்டும். ஆணிக்கு ஒட்டும் மருந்துப் பட்டையும், வெந்நீர் ஒத்தடமும், பிளேடும் வேண்டவே வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியதில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் உணர்விழந்த கால் உள்ளவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு இலவசமாக வழங்கப்படுகிறது. அதே உணர்விழப்பு சர்க்கரை நோயால் வந்தால் மட்டும் செருப்பு நோயாளியின் சொந்தச் செலவாகிவிடுவது ஏன்? செலவைக் காட்டித் தயங்குபவர்கள், பாதப் பிரச்சினை வந்த நோயாளியின் மருத்துவச் செலவு, சிக்கல் எதுவும் இல்லாதவரின் செலவைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு என்று காட்டிய சென்னை ஆய்வைப் படிக்க வேண்டும். தொழுநோய்ச் செருப்பு கற்றுத்தந்த இன்னொரு பாடமும் உண்டு: பார்த்தவுடன் நோயைக் காட்டிக்கொடுத்த செருப்பை நோயாளிகளே போட மறுத்தார்கள். ஆகவே தரப்படும் செருப்பு கடையில் விற்கும் செருப்பைப் போலவே அழகாகவும் இருக்க வேண்டும். உலகச் சந்தைக்கு ஷூ அனுப்பும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும், அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கும் மாநிலத்துக்கு இது எட்டாத காரியமல்ல.

ஆட்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீடு தேடி வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள், செருப்பு கழற்றப்படும் அதே வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் அரசு மருத்துவமனைகளில் பாதப் பரிசோதனைக்கு வழி திறந்திருக்கிறது. இரண்டையும் இணைத்து, மாத்திரை தரும்போது காலையும் பார்ப்பது, விரல்களைத் தொட்டுச் சோதிப்பது, உணர்வு குறைந்தவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது, அங்கே வெளியே போக ஒரு ஜோடி, வீட்டுக்கு ஒரு ஜோடி என இரண்டு ஜோடி செருப்பு தருவது என்று ஒரே சங்கிலியாக்கினால், கல்வி அப்போதுதான் கல்வியாகும்.

அரசு அதைச் செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர் இருந்தால், இன்றே அவர் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்காலையும் விரலிடுக்கையும் விட்டுவிடாதீர்கள். ஆறு விரல் நுனிகளைத் தொட்டுக் கேளுங்கள். உணர்வு குறைந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டுக்குள் போட ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுங்கள். புண் தென்பட்டால், வலிக்கவில்லை என்று அவர் சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். வலிக்காத புண்தான் ஆபத்தான புண்.